வாரிசாக வந்த 1967 பீட்டில், மூன்று பங்கு: நியாயமான மதிப்பை எப்படிக் கணக்கிடுவது?

மெதுவோட்டம்:
அப்பா பெயரில் இருந்த வோக்ஸ்வேகன் பீட்டில். பதிவுப் புத்தகத்தில் 1967 என்று இருக்கிறது. 14 ஆண்டுகளாக ஓடவில்லை, கூரை போட்ட கொட்டகையில் நிற்கிறது. வாரிசுகள் மூவர். அக்காவும் தம்பியும் பங்கைப் பணமாகக் கேட்கிறார்கள், வண்டியை நான் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. இணையத்தில் இதே ஆண்டு வண்டிக்குக் கேட்கும் விலைகளில் மிகக் குறைந்ததற்கும் மிக அதிகமானதற்கும் எட்டு மடங்கு வித்தியாசம் இருக்கிறது. எதை எடுத்துக்கொள்வது? பெயின்ட் அடித்துவிட்டு மதிப்புப் பார்த்தால் எல்லோருக்கும் கூடுதலாகக் கிடைக்கும் என்கிறான் தம்பி. அது சரியா?

சேஸிஎண்:
முதலில் எதையும் செய்யாதீர்கள். கழுவ வேண்டாம், பாலிஷ் வேண்டாம். பேட்டரியை மாட்டி "கிளம்புகிறதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பவே வேண்டாம். தூசி படிந்திருக்கும் இந்த நிலையிலேயே படம் எடுங்கள்: நான்கு பக்கம், நான்கு மூலை, இரண்டு கதவையும் திறந்து இடுக்குகள், முன் டிக்கியில் ஸ்பேர் வீல் குழி, பின்சீட்டைத் தூக்கி அடித்தகடு, இன்ஜின் அறை, மீட்டர் காட்டும் தூரம். தேதி பதிவாகும்படி எடுத்து மூவருக்கும் ஒரே தொகுப்பாக அனுப்பிவிடுங்கள். "அப்பா இருந்தபோது அந்த உதிரி இருந்ததே" என்ற சண்டைக்கு அப்புறம் இடமிருக்காது.

அடுத்து, எந்த மதிப்பு வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். ஒரே வண்டிக்கு நான்கு எண் வரும். சொத்துக் கணக்குக்கு இறந்த நாளன்று இருந்த சந்தை மதிப்பு. காப்பீட்டுக்கு நிறுவனமும் நீங்களும் முன்கூட்டி ஒப்புக்கொள்ளும் தொகை. இது பெரும்பாலும் மேல்நோக்கி இருக்கும், ஏனென்றால் இதே போன்ற இன்னொன்றைத் தேடிப்பிடித்து வாங்கும் செலவு அதற்குள் வருகிறது. மூன்றாவது, அவசரமில்லாத ஒருவர் விற்று அவசரமில்லாத ஒருவர் வாங்கும் விலை. நான்காவது, நாளையே காசு கொடுத்து எடுத்துப்போகும் வியாபாரியின் விலை. அவருடைய லாபமும் ரிஸ்க்கும் கழிந்தது. பங்கு பிரிக்க மூன்றாவதுதான் சரி. அக்கா காப்பீட்டு எண்ணைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் வியாபாரி எண்ணைப் பிடித்துக்கொண்டு பேசினால் ஒருநாளும் முடியாது.

பிறகு அடையாளம். பீட்டிலில் சேஸி எண் பின்சீட்டுக்கு அடியில், நடு டனலின் (தரையின் நடுவே முன்பின்னாக ஓடும் மேடு) மேல் அடித்திருக்கும். முன் டிக்கியில் ஸ்பேர் வீலுக்குப் பின்னால் உள்ள தகட்டிலும் அதே எண் இருக்க வேண்டும். இன்ஜின் எண், ஜெனரேட்டரைத் தாங்கும் காலுக்குக் கீழே கிராங்க்கேஸில் (இன்ஜினின் கூடு). மூன்றையும் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். எண் தெரியவில்லை என்று உப்புத்தாளோ வயர் பிரஷ்ஷோ போட்டுவிடாதீர்கள். தேய்த்த தடம் விழுந்த எண்ணை எந்த ஆய்வாளரும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். மண்ணெண்ணெய் நனைத்த துணி, பக்கவாட்டில் டார்ச் வெளிச்சம், அது போதும்.

மெதுவோட்டம்:
சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். சேஸி எண் 117 என்று தொடங்குகிறது, மொத்தம் ஒன்பது இலக்கம், தகட்டிலும் புத்தகத்திலும் அதேதான். இன்ஜின் எண் 'ஏடி' என்று தொடங்குகிறது. புத்தகத்தில் 'எச்' என்று தொடங்கும் வேறு எண். இது பெரிய பிரச்சினையா?

சேஸிஎண்:
சேஸி சரி. 11 என்பது சாதாரண கூரை பீட்டில், அடுத்த 7 மாடல் ஆண்டு. அவர்கள் மாடல் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கும். ஆகவே உங்கள் வண்டி 1966 ஆகஸ்டுக்கும் 1967 ஜூலைக்கும் இடையில் வெளிவந்தது. புத்தகத்தில் உள்ள ஆண்டு பல இடங்களில் பதிவு செய்த ஆண்டுதான், செய்த ஆண்டு அல்ல.

'எச்' என்பது அந்த ஆண்டின் 1500 இன்ஜின், 1493 சிசி, 44 குதிரைத்திறன். 'ஏடி' என்பது 1970 ஆகஸ்டுக்குப் பின் வந்த 1600, 1584 சிசி, 50 குதிரைத்திறன். எண்ணைப் பார்க்காமலேயும் கண்டுபிடிக்கலாம்: இன்டேக் குழாய் சிலிண்டர் ஹெட்டில் சேரும் இடத்தில் பக்கத்துக்கு ஒரு வழி என்றால் பழையது, இரண்டு வழியாகப் பிரிந்தால் புதியது. ஆக இன்ஜின் மாற்றப்பட்டிருக்கிறது.

மதிப்பில் இதன் தாக்கம் இரண்டு வகை. 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட வண்டி இது. இன்ஜின் மாறுவது சகஜம், சாதாரணமாக வாங்குபவர் இதற்காகப் பெரிதாகக் கழிக்கமாட்டார். 1600 ஓட்ட நன்றாக இருக்கும் என்று விரும்புபவர்களும் உண்டு. ஆனால் காகிதத்தில் ஒரு எண்ணும் இரும்பில் வேறு எண்ணும் இருப்பது பெயர் மாற்றும்போது வண்டியை நிறுத்திவிடும். அதைச் சரிசெய்த பிறகுதான் எந்த மதிப்பும் செல்லும். கொட்டகையைத் துழாவிப் பாருங்கள். பழைய 'எச்' இன்ஜின் சாக்குக்குள் கிடந்தால், ஓடாவிட்டாலும், அதுவும் சொத்துதான்.

கண்ணாடிமூடி:
கூடவே ஹெட்லைட்டையும் பம்பரையும் பார்க்கச் சொல்லுங்கள். சாய்ந்த கண்ணாடி மூடிய ஹெட்லைட், குழாய் வைத்த மெல்லிய பம்பர் என்றால் அந்த ஆண்டுக்குப் பொருந்தும். நிமிர்ந்த ஹெட்லைட்டும் உயரமான பெட்டி பம்பரும் 1967 ஆகஸ்டுக்குப் பிறகு வந்தவை. 117 வண்டியில் அவை இருந்தால் யாரோ முன் மட்கார்டையே மாற்றியிருக்கிறார்கள், அதாவது முன்பக்கம் அடிபட்ட வண்டியாக இருக்கலாம்.

டார்ஷன்பார்:
ஒரு விதிவிலக்கு. அமெரிக்காவுக்குப் போன 1967 மாடலில் ஹெட்லைட் ஏற்கெனவே நிமிர்ந்தது, பம்பர் மட்டும் பழையது. அந்த வண்டிகளுக்கு 12 வோல்ட் மின்சாரம், சக்கரத்துக்கு ஐந்து போல்ட், நான்கு பக்கமும் டிரம் பிரேக். ஐரோப்பிய 1500-க்கு முன்பக்கம் டிஸ்க், சக்கரத்துக்கு நான்கு போல்ட், பெரும்பாலும் இன்னும் 6 வோல்ட். எந்தச் சந்தைக்குச் செய்த வண்டி என்று தெரியாமல் "இது ஒரிஜினல் இல்லை" என்று தீர்ப்புச் சொல்லக்கூடாது. உதிரியைத் தேடும்போதும் இதே குழப்பம்தான் வரும்.

இன்னொன்று: 1500-இல் பின்பக்கம் குறுக்கே ஒரு ஈக்வலைசர் கம்பி உண்டு. பின் அச்சு இன்னும் பழைய ஸ்விங் ஆக்ஸில்தான். அந்தக் கம்பியை எதற்கென்று தெரியாமல் கழற்றிப் போட்டிருப்பார்கள். கீழே குனிந்தால் தெரியும்.

துருவேட்டை:
இன்ஜின் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், ஆனால் இந்த வண்டியின் மதிப்பைத் தீர்மானிப்பது தகடு. இன்ஜினைக் கழற்றி மாட்ட ஒரு நாள் போதும். ஹீட்டர் சேனல் போனால் உடலையே அடித்தளத்திலிருந்து தூக்க வேண்டும்.

ஹீட்டர் சேனல் என்பது இரண்டு கதவுக்கும் கீழே முன்பின்னாக ஓடும் பெட்டி. காற்றால் குளிரும் இன்ஜின், வெந்நீரே இல்லாத வண்டி என்பதால் இன்ஜினின் சூட்டுக் காற்றை இதன் வழியாகத்தான் உள்ளே கொண்டுவருகிறார்கள். ஆனால் உடலைத் தாங்குவதும் அதுவே. உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே பெயின்ட் நன்றாகவே இருக்கும். சோதிப்பது எளிது: ஜாக்கி முனையில் மெதுவாகத் தூக்கும்போது கதவு இடுக்கைக் கவனியுங்கள். இடுக்கு குறுகினாலோ கதவு பிடித்துக்கொண்டாலோ சேனல் போய்விட்டது. ஜாக்கி முனையே உள்ளே அமுங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அடித்தகட்டில் முதலில் வலப்பக்கப் பின்சீட்டின் கீழ்; பேட்டரி அங்கேதான் இருக்கிறது, அமிலம் ஒழுகி ஓட்டையாகியிருக்கும். பிறகு மிதியடியைத் தூக்கி ஓட்டுநர் காலடி. முன்னால் பெட்ரோல் டாங்குக்குக் கீழே இருக்கும் ஃபிரேம் ஹெட். முன் ஆக்ஸில் பீம் அதில்தான் போல்ட் ஆகிறது, அங்கே துரு என்றால் பாதுகாப்பே கேள்விக்குறி. ஸ்பேர் வீல் குழியின் அடி, பின் பம்பர் பிடிமானம், பின் மட்கார்டின் உள்பக்கம், பின்கண்ணாடி ரப்பருக்குக் கீழ்.

ஒரு மழுங்கிய ஸ்க்ரூடிரைவரின் பின்புறத்தால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும், பட்டி வைத்த இடம் மந்தமாக ஒலிக்கும். கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் பெயின்ட் தடிமன் மானி வாங்குங்கள். தொழிற்சாலைப் பெயின்ட் பொதுவாக 80 முதல் 150 மைக்ரான். 250, 300 வந்தால் மறுபடி அடித்தது. 1000 தாண்டினால் கீழே பட்டி. ஒரே பலகையில் ஓரிடம் 120, அடுத்த சாண் தூரத்தில் 1400 என்று காட்டினால் அங்கே அடி வாங்கியிருக்கிறது. எல்லா அளவையும் ஒரு வரைபடத்தில் குறித்துவையுங்கள், கதவுக்கு ஆறு புள்ளி, கூரைக்கு ஒன்பது புள்ளி போதும்.

அடிப்பாகத்தில் கறுப்புத் தார்ப்பூச்சு தடிமனாக, புதிதாகப் பளபளத்தால் அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். துருவின் மேல் தார் பூசினால் ஈரம் உள்ளே சிறைபட்டு இன்னும் வேகமாக அரிக்கும்.

வால்வுஇடைவெளி:
இன்ஜின் பிடித்துவிட்டதா என்பது மதிப்பை மாற்றும், அதனால் அதை மட்டும் கவனமாகப் பாருங்கள். ஓட்டிக்காட்ட வேண்டிய அவசியம் இல்லை.

நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, சிலிண்டருக்கு ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு ஒரு நாள் முழுக்க விடுங்கள். மறுநாள் ஜெனரேட்டர் கப்பியின் 21 மி.மீ. நட்டில் ஸ்பேனர் போட்டுக் கடிகார திசையில் மெல்லத் திருப்புங்கள். பெல்ட் வழுக்கினால் இரண்டு கப்பிக்கும் நடுவில் பெல்ட்டைக் கையால் அழுத்திப்பிடியுங்கள். சுற்றினால் நிம்மதி. சுற்றவில்லையென்றால் நீளமான குழாய் போட்டு முறுக்காதீர்கள், ரிங் உடையும். மேலும் எண்ணெய் விட்டுக் காத்திருப்பதுதான் வழி.

சுற்றுகிறது என்றால் அடுத்து கிராங்க்கின் (இன்ஜினின் சுழல்தண்டு) முன்பின் ஆட்டம். கீழே உள்ள பெரிய கப்பியைப் பிடித்து இன்ஜினை நோக்கித் தள்ளி, வெளியே இழுங்கள். டயல் கேஜ் இருந்தால் 0.07 முதல் 0.13 மி.மீ. வரை சரி, 0.15 கடைசி எல்லை. "டொக்" என்று கையிலேயே தெரிந்தால் எல்லையைத் தாண்டிவிட்டது, கிராங்க்கேஸைப் பிரித்தாக வேண்டும். இந்த ஒரு சோதனையில் இன்ஜினின் விலையில் பாதி தெரிந்துவிடும்.

கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்க்கும்போது தனி எண்ணைவிட நான்குக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். ஒன்று மட்டும் 15 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் காரணம் தேட வேண்டும். பெரும்பாலும் மூன்றாம் சிலிண்டராக இருக்கும். பின்னால் நின்று பார்த்தால் இடப்பக்கத்தில் முன்னால் உள்ளது. பழைய விசிறிப் பெட்டியில் ஆயில் கூலர் அந்தச் சிலிண்டருக்குப் போகும் காற்றை மறிக்கிறது, எக்ஸாஸ்ட் வால்வு சூட்டில் நீண்டு உடையும். உங்கள் 'ஏடி' இன்ஜினோடு வந்த விசிறிப் பெட்டியில் கூலர் தனியாகப் பின்னால் இருந்தால் இந்தக் குறை குறைவு. பழைய பெட்டியையே இந்த இன்ஜினில் மாட்டியிருந்தால் அபாயம் அப்படியே இருக்கிறது. அளக்கும் முன் வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.15 மி.மீ. இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கம்ப்ரஷன் எண் பொய் சொல்லும்.

எப்படியும் கிளப்பித்தான் ஆக வேண்டும் என்றால்: டாங்கை வடித்துவிட்டு, தனிக் கேனிலிருந்து புதுப் பெட்ரோல், புது ஆயில் 2.5 லிட்டர், அடிச்சல்லடையைக் கழுவி. எரிபொருள் ரப்பர் குழாய் எல்லாம் புதிது. கியர்பாக்ஸ் பக்கத்தில், விசிறித் தகட்டைத் துளைத்து வருமிடத்தில் உள்ளதை மறப்பார்கள், அதுதான் தீப்பிடிக்கும் இடம். கார்புரேட்டரில் பெட்ரோல் நுழையும் பித்தளைக் குழாய் தளர்ந்து கழன்று வருவதும் உண்டு. பக்கத்தில் தீயணைப்பான் இல்லாமல் இந்த வண்டியைக் கிளப்பக்கூடாது.

கண்ணாடிமூடி:
டயரில் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கணக்கில் சேர்க்காதீர்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதி இருக்கும், 2312 என்றால் 2012-இன் 23-ஆம் வாரம். மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால் 2000-க்கு முந்தையது. 14 ஆண்டு நின்ற வண்டிக்கு ஐந்து டயர், எல்லா பிரேக் சிலிண்டர், எல்லா பிரேக் ஹோஸ் கட்டாயச் செலவு. ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். மிதித்தால் பிடிக்கும், விட்டால் விடாது.

மெதுவோட்டம்:
ஹெட்லைட் சாய்ந்த கண்ணாடி, நான்கு போல்ட் சக்கரம், குழாய் வைத்த பம்பர். நன்றி. இப்போது பெயின்ட் விஷயம்? தம்பி ஓயவில்லை.

ஏலக்கணக்கு:
வேண்டாம். எண்ணால் காட்டுகிறேன். நல்ல நிலையில் உள்ள இதே வண்டி 100-க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம் (இது ஒரு அலகு மட்டும், எந்த நாட்டுப் பணமும் இல்லை). உங்கள் வண்டி இப்போது 35 என்று வைத்துக்கொள்வோம். முறையாகப் பெயின்ட் என்றால் கண்ணாடி, ரப்பர், பம்பர் எல்லாம் கழற்றி, பழையதைச் சுரண்டி, தகட்டு வேலை முடித்து அடிக்க 25 ஆகும். அதன் பிறகு வண்டி 60 ஆகாது. வாங்க வருபவர் "புதுப் பெயின்ட்டுக்குக் கீழே என்ன மறைத்திருக்கிறார்கள்" என்றுதான் கேட்பார், 45 சொல்வார். மலிவாக 8 செலவில் அடித்தால் இன்னும் மோசம். அவர் அதைச் சுரண்டும் கூலியையும் கழிப்பார். அது போக, தொழிற்சாலைப் பெயின்ட் எங்காவது மிச்சம் இருந்தால் அதையும் அழித்துவிடுவீர்கள். பழைய பெயின்ட் மங்கியிருந்தாலும் அதுவே சாட்சி.

மதிப்புக் கூட்ட வேண்டுமென்றால் செலவில்லாத வேலைகளைச் செய்யுங்கள்: காகிதம் சேர்ப்பது, உதிரியை அடுக்கிப் பட்டியலிடுவது, எண் குழப்பத்தைத் தீர்ப்பது.

அடுத்து நிலை மதிப்பெண். பழைய வண்டிக் காப்பீட்டு நிறுவனமான ஹாகர்ட்டி 1 முதல் 4 வரை சொல்கிறது, ஜெர்மனியில் 1 முதல் 5, அமெரிக்காவில் புழங்கும் பழைய அளவுகோல் 1 முதல் 6. எந்த அளவுகோல் என்று சொல்லாமல் "மூன்றாம் நிலை" என்றால் அர்த்தமே இல்லை. எல்லாவற்றிலும் 1 என்பது கண்காட்சியில் பரிசு வாங்கும் வண்டி. குடும்பத்தார் பெரும்பாலும் தங்கள் வண்டிக்கு ஒரு படி, சமயத்தில் இரண்டு படி கூட்டியே போடுவார்கள். ஓடாத வண்டி ஹாகர்ட்டி அளவில் 4-ஐவிட நல்ல நிலை ஆகாது, பளபளப்பு எப்படி இருந்தாலும்.

இனி ஒப்பீடு. இணையத்தில் கேட்கும் விலை ஆசை. விற்ற விலைதான் தரவு. ஆறு மாதமாக ஒரே விளம்பரம் கிடக்கிறது என்றால் அந்த விலைக்கு யாரும் வாங்கவில்லை என்பதுதான் அதன் தகவல். ஏல முடிவுகளை எடுங்கள், கடைசி 12 முதல் 24 மாதம். ஒரே உடல் வகை, ஒரே இன்ஜின் அளவு, இதே போன்ற நிலை. எட்டுப் பத்து கிடைத்தால் போதும். இவற்றில் கவனம் தேவை:

சுத்தியல் விலையா (ஏலம் முடிந்தபோது நின்ற கேட்பு), கட்டணம் சேர்த்த விலையா? வாங்குபவர் கட்டணம் ஆன்லைன் ஏலத்தில் பெரும்பாலும் 5 விழுக்காட்டை ஒட்டியும் மேடை ஏலத்தில் 10 முதல் 15 வரையிலும் இருக்கும். விற்பவர் கையில் வருவது இதற்கும் கீழே. ஒன்றைச் சேர்த்தும் ஒன்றைச் சேர்க்காமலும் கலந்தால் சராசரி கெட்டுவிடும். 'விற்கவில்லை' என்று முடிந்த ஏலத்தையும் குறித்துவையுங்கள். கடைசிக் கேட்பு எவ்வளவு என்பது தளத்தில் இருக்கும். சராசரிக்குப் பதில் நடுமதிப்பு (விலைகளை வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்பது) எடுங்கள், ஏனென்றால் யாரோ இரண்டு பேர் போட்டி போட்டு ஏற்றிய ஒரு விலை சராசரியையே இழுத்துவிடும். 1953-க்கு முந்தைய பிளவுப் பின்கண்ணாடி வண்டி, 1957 வரை வந்த முட்டை வடிவப் பின்கண்ணாடி வண்டி, கன்வெர்ட்டிபிள் ஆகியவற்றை உங்கள் பட்டியலில் நுழைய விடவே கூடாது. அவை வேறு உலகம்.

கையிருப்புபட்டறை:
ஒப்பீடு எதற்கு இவ்வளவு? நல்ல வண்டி 100. சரிசெய்யும் செலவைக் கழி. மிச்சம்தான் மதிப்பு. பட்டறையில் இப்படித்தான் பேசுவோம்.

ஏலக்கணக்கு:
வாங்கும்போது பேரம் பேச அது நல்ல முறை. பங்கு பிரிக்க ஒத்துவராது. போட்டுப் பாருங்கள்: சேனலும் அடித்தகடும் 30, பெயின்ட் 25, இன்ஜின் 15, பிரேக், டயர், வயரிங் 12, உள்ளலங்காரம் 10. மொத்தம் 92. திறந்த பிறகு தெரியும் வேலைக்கு 20 விழுக்காடு சேர்த்தால் 110. மிச்சம் கழித்தல் 10. அப்படியானால் வண்டியை இலவசமாகக் கொடுத்து, கூடவே 10 பணமும் தர வேண்டும். ஆனால் இதே நிலை வண்டிகள் சந்தையில் காசுக்குத்தான் விற்கின்றன. காரணம், வாங்குபவர் தன் உழைப்புக்குக் கூலி போடுவதில்லை, எல்லாவற்றையும் செய்யப்போவதுமில்லை, சிலர் உதிரிக்காகவே எடுப்பார்கள். ஆகவே ஓடாத வண்டிக்கு, ஓடாமல் விற்ற வண்டிகளையே ஒப்பிட வேண்டும். கழித்தல் கணக்கு, இரண்டு நிலைக்கு நடுவில் வண்டி எங்கே நிற்கிறது என்று சரிபார்க்க மட்டும்.

துருவேட்டை:
கையிருப்பு சொல்வதில் ஒரு பயன் உண்டு. சேனல் நன்றாக இருந்தால் அந்த 30 போய்விடும், வண்டி முழுப்படி மேலே ஏறும். அதனால்தான் துருவை முதலில் பாருங்கள் என்கிறேன். மற்றதெல்லாம் வாங்கி மாட்டலாம்.

காகிதப்பெட்டி:
யாரும் சொல்லாததைச் சொல்கிறேன். பெட்டி, அலமாரி, பரண் எல்லாம் தேடுங்கள். முதல் விற்பனை ரசீது, சர்வீஸ் புத்தகம், உரிமையாளர் கையேடு, பழைய காப்பீட்டுத் தாள், வண்டியோடு எடுத்த குடும்பப் படம் (தேதியோடு இருந்தால் நிறத்துக்கும் பம்பருக்கும் ஆதாரம்), சாவியும் அதிலுள்ள எண்ணும், ஜாக்கி, ஸ்பேனர் பை. அசல் ஜாக்கியும் கருவிப் பையும் தனியாகவே விலை போகும். கழற்றி வைத்த பழைய ரேடியோவைக் குப்பையில் போடாதீர்கள்.

வோல்ஃப்ஸ்புர்க் நகரிலுள்ள வோக்ஸ்வேகன் ஆட்டோமியூசியம் அறக்கட்டளை, சேஸி எண்ணைக் கொடுத்தால் பிறப்புச் சான்று தருகிறது. செய்த தேதி, நிறம், உள்ளலங்காரம், எந்த நாட்டுக்கு அனுப்பியது போன்றவை அதில் வரும். மேலே கேட்ட எந்தச் சந்தை வண்டி என்ற கேள்விக்கு அதுவே பதில்.

அப்பா நேசித்த வண்டி என்பதற்குச் சந்தை ஒன்றும் தராது. ஆனால் ஒரே குடும்பத்தில் இருந்தது என்பதைக் காகிதத்தால் நிரூபித்தால் தரும்.

புதுவரவு22:
இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்களிடம் மோரிஸ் மைனர் 1000, மடிக்கும் கூரை. இதற்கும் இதே முறைதானா?

சேஸிஎண்:
முறை அதேதான், ஒரு பொறி கூடுதல். சலூனின் கூரையை அறுத்து டூரராக்கிய (மடிக்கும் கூரை வண்டியாக்கிய) வண்டிகள் நிறைய. பிற்கால மைனர் 1000-இன் சேஸித் தகட்டில் எம்ஏடி என்று வந்தால் டூரர், எம்ஏ2எஸ் என்றால் இரண்டு கதவு சலூன், எம்ஏடபிள்யூ என்றால் டிராவலர் (ஸ்டேஷன் வேகன்). தகட்டை மாற்றியிருப்பார்கள் என்ற சந்தேகம் இருந்தால் 'சில்' எனப்படும் கதவுக்குக் கீழ்ப் பகுதியிலும் கதவுத் தூண் அடியிலும் தொழிற்சாலை வைத்த கூடுதல் வலுவூட்டல் இருக்கிறதா பாருங்கள். இங்கிலாந்தின் கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் பாரம்பரியச் சான்று தருகிறது, அதில் உடல் வகை வரும். பீட்டிலிலும் இதே கதைதான்: கார்மன் நிறுவனம் செய்த கன்வெர்ட்டிபிள் 15 என்று தொடங்கும், 11 என்று தொடங்கினால் அறுத்தது. மற்றதற்குத் தனி இழை திறங்கள்.

காகிதப்பெட்டி:
மதிப்பீட்டாளர் வைப்பதானால் மூவரும் சேர்ந்து ஒருவரை வையுங்கள். அவர் வாங்க விரும்புபவராகவோ விற்றுத்தருபவராகவோ இருக்கக்கூடாது. கூலி நிலையான தொகை. மதிப்பில் இத்தனை விழுக்காடு என்று கேட்டால் வேண்டாம். அமெரிக்க மதிப்பீட்டு நெறிமுறை அப்படிக் கேட்பதைத் தடையே செய்திருக்கிறது. படத்தை மட்டும் பார்த்து எழுதித்தரும் சான்று, ஹீட்டர் சேனலைப் பார்க்காத சான்று, அதனால் பயனில்லை. அறிக்கையில் இருக்க வேண்டியவை: எந்த வகை மதிப்பு, எந்த நாளுக்கு, எந்த அளவுகோல், எண்களின் படம், ஒப்பிட்ட விற்பனைகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஏன் கூட்டினார், ஏன் கழித்தார் என்ற காரணம். கடைசியில் ஒரே எண் மட்டும் இருந்து இவை இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள்.

மெதுவோட்டம்:
பார்த்தவரை: இரண்டு பக்கமும் தூக்கியபோது கதவு இடுக்கு மாறவில்லை. பேட்டரிக்குக் கீழே உள்ளங்கை அளவு ஓட்டை. ஃபிரேம் ஹெட் மேல்பூச்சுத் துரு மட்டும். வலப் பின் மட்கார்டு 1300 மைக்ரான், மற்ற இடமெல்லாம் 110 முதல் 160. இன்ஜின் கையால் சுற்றுகிறது, முன்பின் ஆட்டம் 0.12. விசிறிப் பெட்டி பழையதுதான். சர்வீஸ் புத்தகமும் இன்ஜின் மாற்றிய ரசீதும் கிடைத்தன. பழைய இன்ஜின் இல்லை. ஈக்வலைசர் கம்பி இருக்கிறது.

துருவேட்டை:
சேனல் நன்றாக இருக்கிறது, பெயின்ட் அளவு 110–160 என்றால் பெரும்பாலும் தொழிற்சாலைப் பெயின்ட். இது ஓடாத வண்டிகளில் மேல்வரிசை. கூரையில் மட்டும் இன்னொரு முறை அளந்துவிடுங்கள். அந்த மட்கார்டு போல்ட் போட்டது, மாற்றலாம். உள்பக்கம் உடலில் மடிப்பு இருக்கிறதா என்று டயரைக் கழற்றிப் பாருங்கள். இல்லையென்றால் சின்ன இடிதான்.

ஏலக்கணக்கு:
ஓடாமல் விற்ற ஒப்பீடுகளின் விலைகளை வரிசையாக அடுக்கி, நடுமதிப்பில் நிறுத்தாமல், அந்த வரிசையின் மேல் கால்வாசிக்குள் உங்கள் வண்டியை வையுங்கள். பேட்டரித் தகடு, மட்கார்டு, டயர், பிரேக் ஆகியவற்றுக்குத் தனியாகக் கழிக்க வேண்டாம். ஒப்பிட்ட ஓடாத வண்டிகளிலும் அவை போயிருக்கும், இரண்டு முறை கழித்ததாகிவிடும். இன்ஜின் மாற்றத்துக்குச் சிறு கழிவு போடலாம். ரசீது இருப்பதால் அதுவும் சிறிதுதான். அந்த ரசீதை வைத்தே புத்தகத்தில் எண்ணைத் திருத்தக் கேளுங்கள். ஆகும் செலவு மூவருக்கும் பொது.

ஒற்றை எண்ணுக்குப் பதில் ஒரு வரம்பை எழுதுங்கள், அதன் நடுவை மூன்றாகப் பிரியுங்கள். கூடவே ஒப்பந்தத்தில் ஒரு வரி: இரண்டு ஆண்டுக்குள் நீங்கள் விற்றால், இந்த மதிப்பையும் ரசீது காட்டக்கூடிய செலவையும் கழித்து மிஞ்சும் லாபம் மூவருக்கும் சமபங்கு. "ஏமாற்றி வாங்கிவிட்டான்" என்று தம்பி நினைக்க மாட்டான், மதிப்பைக் கொஞ்சம் கீழே வைக்கவும் அக்கா ஒப்புக்கொள்வார்.

மெதுவோட்டம்:
செலவு ரசீதில் என் கூலியைச் சேர்க்கலாமா?

ஏலக்கணக்கு:
வேண்டாம். உதிரியும் வெளிப்பட்டறைக் கூலியும் மட்டும். சொந்த உழைப்புக்கு மணிக்கூலி போடத் தொடங்கினால் அந்த எண்ணைப் பற்றி வேறொரு விவாதம் வரும். அதோடு வண்டி கொட்டகையில் நின்ற வாடகை, பழைய காப்பீடு இவற்றையும் இப்போதே "கணக்கில் இல்லை" என்று எழுதிவிடுங்கள்.

வால்வுஇடைவெளி:
அப்படியே 'ஏடி' இன்ஜினுக்குரிய, கூலர் தனியாக உள்ள விசிறிப் பெட்டியைத் தேடத் தொடங்குங்கள். கூலர், அதன் அடாப்டர், பின்னால் காற்றை வெளியேற்றும் தகடு மூன்றும் சேர்ந்து வர வேண்டும், பெட்டி மட்டும் வந்தால் பொருந்தாது.